எப்பாக்சித் தரை போட வருகிறீர்களா? முதலில் தரையோடு ஒரு இரவு இருங்கள்

உடைந்த கோப்பையை ஒட்ட, இரண்டு குழாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் பிதுக்கி, தீக்குச்சியால் கலக்கித் தடவுவோமே, அந்த அரால்டைட் பசைக்கு உடன்பிறப்புதான் எப்பாக்சி சாயம். பசை ஒரு சொட்டில் செய்யும் வேலையைச் சாயம் ஒரு தரை முழுக்கச் செய்கிறது. இரண்டிலும் ரகசியம் ஒன்றுதான்: தனித்தனியாக இருக்கும்வரை எதுவும் நடக்காது, கலந்துவிட்டால் திரும்பிப் போக வழி கிடையாது.

மலேசியாவில், எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இப்போது எப்பாக்சித் தரை கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். மோட்டார் பட்டறை வைத்திருப்பவர், சாப்பாட்டுக் கடைக்காரர், தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்து கார் நிறுத்துமிடத்தை அழகாக்க நினைப்பவர், கோயில் மண்டபத்துக்கு நன்கொடை எடுத்தவர் என்று எல்லாரும் ஈப்போவில் ஏதோ ஒரு கடையில் கண்ணாடி மாதிரி மின்னும் தரையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த வேலையைக் கையில் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும், தன் வீட்டுத் தரையைத் தானே அடிக்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் "அண்ணே, எந்த பிராண்டு வாங்கலாம்?" என்பதுதான். நிப்பான், ஜோத்துன், சிக்கா என்று நல்ல சரக்கு ஹார்ட்வேர் கடையிலும் மொத்தக் கடையிலும் கிடைக்கிறது. உரிந்த தரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் டின் கெட்டிருந்ததால் உரிந்தது அபூர்வம். அடியில் இருந்த சிமெண்டு தயாராக இல்லாததால் உரிந்தவைதான் மிகுதி. அதனால் இந்தக் கட்டுரையில் சாயத்தைத் திறப்பதற்கு வெகுநேரம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருளைப் புரிந்துகொள்வோம்

ஒரு செட் எப்பாக்சியில் இரண்டு டின் இருக்கும். ஏ என்பது பிசின், நிறமும் அதில்தான். பி என்பது கடினமாக்கி, கடையில் ஹார்ட்னர் என்பார்கள். சாதாரணச் சாயம் காய்வது அதிலுள்ள தண்ணீரோ தின்னரோ ஆவியாகிப் போவதால். எப்பாக்சி இறுகுவது அப்படியல்ல. பிசினின் மூலக்கூறுகளைக் கடினமாக்கியின் மூலக்கூறுகள் கைகோத்துக் கட்டிவிடுகின்றன, வலை பின்னுவதுபோல.

கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பாலில் ஆசிட் ஊற்றினால் உறைகிறது. ஆனால் அந்த ஷீட்டைச் சூடாக்கினால் இளகும், பிசுபிசுக்கும். அதே ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்து டயராக்கிவிட்டால், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் உருகிப் பாலாகாது, கருகத்தான் செய்யும். எப்பாக்சி அந்த டயர் வகை.

இது முதலில் பிறந்தது தரைக்காக அல்ல. 1930களில் சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்தான் என்ற வேதியியலாளர் செயற்கைப் பல் செய்ய நல்ல பொருள் தேடியபோது இந்தப் பிசினை உருவாக்கினார். அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ 1940களில் இதைச் சாயத்துக்குக் கொண்டுவந்தார். 1946இல் சீபா நிறுவனம் அரால்டைட் என்ற பெயரில் பசையாக விற்பனைக்கு விட்டது. பல்லுக்கு என்று தேடிய பொருள் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் குணம் விளங்கும்: சுருங்கக் கூடாது, கெட்டியாகப் பிடிக்க வேண்டும், ஈரத்தில் கரையக் கூடாது.

சிமெண்டுத் தரைக்கு இது ஏன் பொருந்துகிறது? சிமெண்டு காரத்தன்மை உள்ளது. சாதாரண எண்ணெய்ச் சாயத்தை, அதாவது கதவுக்கு அடிக்கும் பளபளப்புச் சாயத்தை, தரையில் அடித்தால் அந்தக் காரமும் ஈரமும் சேர்ந்து சாயத்திலுள்ள எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றிவிடும். சில மாதத்தில் விரலால் தேய்த்தாலே வழுவழுவென்று வரும். எப்பாக்சியைக் காரம் ஒன்றும் செய்யாது. பெட்ரோல், இன்ஜின் எண்ணெய், சமையல் எண்ணெய் ஆகியவற்றையும் தாங்கும். சிந்தியதைத் துடைத்தால் போய்விடும்.

ஆனால் இதற்கு மூன்று பகைவர்கள் உண்டு. வாடிக்கையாளரிடம் வேலை தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

வெயில் முதலாவது. நேர் வெயில் படும் இடத்தில் எப்பாக்சி மஞ்சளாகும், பிறகு பளபளப்பு போய்ச் சுண்ணாம்புபோல் பொடி கிளம்பும். பிடிப்பு போகாது, அழகு போகும். வெள்ளையும் வெளிர் சாம்பலும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். வெளிப்புறத்துக்கு மேல்பூச்சாக வெயில் தாங்கும் பாலியூரித்தேன் என்ற வேறு வகைச் சாயம் அடிக்க வேண்டும்.

அடுத்தது சூடு. அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சி பொதுவாக 50 முதல் 60 பாகை செல்சியஸ் தாண்டினால் இளகத் தொடங்கும். உருகாது, ஆனால் மென்மையாகும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த காரின் சூடான டயர் ஒரே இடத்தில் நின்றால், சரியாகப் பிடிக்காத எப்பாக்சியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடும். சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக் கல்லுக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் கீழே எப்பாக்சி போடச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். அங்கே பாலியூரித்தேன் கலந்த சிமெண்டுத் தரைதான் பொருத்தம். சாப்பிடும் இடத்துக்கு எப்பாக்சி, சமைக்கும் இடத்துக்கு அது என்று பிரித்துச் செய்யலாம்.

மூன்றாவது சில திரவங்கள். கித்தாப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் சாதாரண எப்பாக்சியை அரித்துவிடும். வினிகரின் அசிட்டிக் ஆசிடும் அப்படியே. பிரேக் எண்ணெய் தேங்கி நின்றால் தரை மென்மையாகும். தோட்டத்தில் பால் கொட்டாய்த் தரைக்குக் கேட்டு வருபவரிடம், ஆசிட் வைக்கும் மூலைக்கு அதற்கென்றே செய்த வேறு பூச்சு வேண்டும் என்று சொல்லுங்கள்.

தரையோடு ஒரு இரவு

வேலை இங்கே ஆரம்பிக்கிறது. உங்களுக்கு வேண்டியது தடித்த தெளிவான பிளாஸ்டிக் தாள், நல்ல டேப், ஒரு குவளை தண்ணீர்.

பிளாஸ்டிக்கை 18 அங்குலச் சதுரமாக வெட்டித் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே விடுங்கள். மாலையில் ஒட்டிவிட்டு மறுநாள் பகலில் பார்ப்பது என் வழக்கம். ஒரு இடத்தில் மட்டும் போதாது. சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று, குளியலறைச் சுவருக்குப் பக்கத்தில் ஒன்று. திறக்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ, மண்ணின் ஈரம் மேலே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் என் அத்தை வீட்டுக்கு அடித்தேன். பழைய தோட்டத்து வீடு. மண்ணைக் கெட்டித்து அதன்மேல் நேராகச் சிமெண்டு போட்ட தரை, அடியில் பிளாஸ்டிக் விரிப்பு கிடையாது. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு முடித்தேன். பண்டிகைக்கு வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை விளக்கு வைக்கும்போது அத்தை கூப்பிட்டார். "வந்து பாருடா, தரைக்கு அம்மை போட்டிருக்கு."

சுவரோரம் பட்டாணி அளவில் தொடங்கி, நடுவில் ஐம்பது காசு நாணயம் அளவில் கொப்புளங்கள். ஒன்றை ஆணியால் குத்தினேன். உள்ளிருந்த தண்ணீர் பீறிட்டு வந்தது. விரலில் தொட்டால் பிசுபிசுப்பு. அதுவரை அந்தத் தரை மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன். ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒரு இரவும் அதை எனக்கு முன்பே சொல்லியிருக்கும். முழுவதையும் சுரண்டி எடுக்க எனக்கு நான்கு நாள் ஆனது. அத்தை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

ஈரம் தெரிந்தால் என்ன செய்வது? புதுச் சிமெண்டாக இருந்தால் காத்திருங்கள். போட்டு 28 நாள் ஆகாத தரையைத் தொடவே வேண்டாம். தடிமனான தளம் உலர இன்னும் கூடுதல் நாள் ஆகும், 28 நாள் முடிந்தாலும் பிளாஸ்டிக் சோதனையை விடாதீர்கள். கூரை நீரோ உடைந்த பைப்போ காரணமாக இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி சோதியுங்கள். மண்ணிலிருந்தே வருகிறது என்றால், ஈரத்தைத் தடுப்பதற்கென்றே வரும் எப்பாக்சி பிரைமர், அதாவது அடிப்பூச்சு, இருக்கிறது. விலை கூடும். அதற்கு வீட்டுக்காரர் தயாராக இல்லையென்றால் அங்கே மொசைக் போடச் சொல்லிவிட்டு நான் வந்துவிடுவேன். வேலை போகும், பெயர் போகாது.

இரண்டாவது சோதனை தண்ணீர்ச் சொட்டு. தரையில் அங்கங்கே நாலு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சி இருண்ட வட்டமாக ஆனால் நல்லது, தரையின் துளைகள் திறந்திருக்கின்றன. சேம்பு இலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றால் ஏதோ அடைத்திருக்கிறது. நம் ஊரின் பழைய கடைவீடுகளில் சிவப்புச் சிமெண்டுத் தரை இருக்குமே, பாட்டிமார்கள் மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். அந்த மெழுகின்மேல் எந்த எப்பாக்சியும் நிற்காது. கோயிலில் விளக்கெண்ணெய் சிந்திய இடம், பட்டறையில் எண்ணெய் வடித்த இடம் எல்லாம் இதே கதைதான்.

அரைப்பது

எண்ணெய் முதலில் போக வேண்டும், பிறகுதான் அரைக்க வேண்டும். முறை மாறினால் கிரைண்டர் எண்ணெயை இன்னும் உள்ளே தேய்த்துவிடும். எண்ணெய் நீக்கும் மருந்தைத் தெளித்து, முரட்டு பிரஷ்ஷால் தேய்த்து, சுடுதண்ணீரில் கழுவி உறிஞ்சி எடுங்கள். சொட்டுச் சோதனை. நிற்கிறதா? மறுபடி கழுவுங்கள். இருபது வருடம் எண்ணெய் குடித்த பட்டறைத் தரை மூன்று தடவை கேட்கும். அதற்குப் பிறகும் தண்ணீர் உருண்டால், அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுச் சிமெண்டு வைப்பதுதான் வழி.

பிறகு கிரைண்டர். சிறிய இடத்துக்குக் கை கிரைண்டரில் வைரத் துகள் பதித்த கப் வீல் போதும். தூசி உறிஞ்சும் மூடியும் வேக்குவமும் கட்டாயம். சிமெண்டுத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் மருந்தால் வெளியே கொண்டுவர முடியாது. துணியைக் கட்டிக்கொண்டு அரைக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. குறைந்தது என்95 முகக்கவசம் போடுங்கள், கண்ணாடி போடுங்கள்.

எவ்வளவு அரைக்க வேண்டும்? மேலே இருக்கும் வெளிறிய சிமெண்டுப் பால் படலம் முழுக்கப் போய், மணல் மணியாகத் தெரிய வேண்டும். உள்ளங்கையால் தடவினால் 80 அல்லது 100 நம்பர் மணல் தாளைத் தடவுவதுபோல் இருக்க வேண்டும். கிரைண்டர் சுவரோரம் முழுக்கப் போகாது. அங்கே கையால் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள், உரியத் தொடங்குவது எப்போதும் ஓரத்தில்தான்.

ஆசிட் ஊற்றி அரிக்க வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நடக்கும், ஆனால் தரை மறுபடி ஈரமாகும், சரியாகக் கழுவாவிட்டால் உப்பு தங்கும், மெழுகும் எண்ணெயும் உள்ள இடத்தில் ஆசிட் வேலையே செய்யாது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வெடிப்புகளை எப்பாக்சிப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் சமமாகத் தேயுங்கள். தளம் அசைவதற்காக விட்ட நேர்கோட்டு இடைவெளிகளை மட்டும் கெட்டியாக அடைக்காதீர்கள், அவை மீண்டும் வெடிக்கும். கடைசியாக வேக்குவம் பிடித்து, உங்கள் கறுப்புச் சட்டையால் தரையைத் துடைத்துப் பாருங்கள். சட்டையில் வெள்ளை ஒட்டினால் இன்னும் தூசி இருக்கிறது.

எவ்வளவு வாங்குவது

இப்போதுதான் கடைக்குப் போகலாம். எப்பாக்சியில் மூன்று வகை உண்டு. தண்ணீர் கலந்தது, தின்னர் கலந்தது, எதுவுமே கலக்காத முழுத் திடம். தண்ணீர் வகையில் வாடை குறைவு, ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு நல்லது, ஆனால் நம் ஈரக் காற்றில் காய நேரம் எடுக்கும். தின்னர் வகை ரோலரில் சுலபமாக உருளும், முதல் வேலைக்கு ஏற்றது, வாடையும் தீ அபாயமும் உண்டு. முழுத் திட வகையில்தான் அந்தக் கண்ணாடித் தரை வரும், 2, 3 மில்லிமீட்டர் கனத்தில் ஊற்றித் தானாகப் பரவவிடுவார்கள். கலந்தபின் அரை மணி நேரம்தான் கையில் இருக்கும். முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள். தெரிந்தவரோடு இரண்டு மூன்று இடம் போய்விட்டு எடுங்கள்.

கணக்குப் போடுவது இப்படி. டின்னின் விவரத் தாளில் கனஅளவில் எத்தனை விழுக்காடு திடப்பொருள் என்று இருக்கும். அதை 10 ஆல் பெருக்கி, காய்ந்த பிறகு வேண்டிய கனத்தை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எடுத்து வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று தெரியும்.

15 அடிக்கு 20 அடியில் ஒரு மோட்டார் பட்டறையை எடுத்துக்கொள்வோம். 300 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 28 சதுர மீட்டர். திடப்பொருள் 50 விழுக்காடு, ஒரு பூச்சு 50 மைக்ரான் என்றால், 50 ஐ 10 ஆல் பெருக்கி 50 ஆல் வகுக்க, லிட்டருக்கு 10 சதுர மீட்டர். ஒரு பூச்சுக்கு 2.8 லிட்டர். ரோலரும் வாளியும் குடிப்பது, தரையின் மேடு பள்ளம் எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 3.4 லிட்டர். இரண்டு பூச்சுக்கு 7 லிட்டர் கிட்ட வரும், பிரைமர் தனி. ஆக 5 லிட்டர் செட் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்றை வாங்கித் தின்னர் ஊற்றி இழுத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், காய்ந்த பிறகு கிடைப்பது வெறும் நிறம்தான், பூச்சு இருக்காது.

இரண்டு செட்டும் ஒரே தொகுதி எண்ணா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். நிறம் சற்று மாறினாலும் தரையில் கோடாகத் தெரியும்.

எந்த நேரத்தில்

காலையில் சீக்கிரம் ஆரம்பித்து வெயிலுக்கு முன் முடிப்பது ரப்பர் பால் வெட்டுக்குச் சரி, எப்பாக்சிக்குச் சரிவராது.

காற்றில் இருக்கும் ஈரம் எந்த வெப்பத்தில் தண்ணீராகப் படியுமோ அதைப் பனிநிலை என்கிறோம். தரை அதைவிடக் குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் விதி. காலை 8 மணிக்கு 26 பாகை வெப்பம், 90 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிநிலை சுமார் 24.2. தரை 27.2 ஆவது இருக்க வேண்டும். காற்றே 26 பாகைதான், இரவெல்லாம் குளிர்ந்த தரை எப்படி 27 இருக்கும்? பகல் 11 மணிக்கு 30 பாகை, 70 விழுக்காடு என்று ஆகும்போது பனிநிலை 23.9க்கு இறங்குகிறது, தரை 27ஐத் தொட்டிருந்தால் போதும். அப்போது தொடங்கலாம். ஈரப்பதம் 85ஐத் தாண்டினால் டின்னைத் திறக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் காட்டும் சின்னக் கருவி ஒன்று, தரையின் சூட்டைக் காட்டும் கருவி ஒன்று, இரண்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தில் அடித்தால் என்ன ஆகும்? கடினமாக்கியில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், பிசினைக் கட்டுவதற்குப் பதிலாகக் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்துவிடும். மறுநாள் தரையின்மேல் எண்ணெய் தடவியதுபோல் ஒரு மங்கலான படலம் நிற்கும். அதன்மேல் அடுத்த பூச்சு அடித்தால் தோல் தோலாக உரியும். இந்தப் படலம் தண்ணீரில் கரையும். ஆகவே வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்பாஞ்சும் கொண்டு கழுவுங்கள். தின்னரால் துடைத்தால் பரப்பத்தான் செய்யும்.

பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வருவது வழக்கம். 11 மணிக்குத் தொடங்கி 2, 3 மணிக்குள் முடித்துவிடும்படி திட்டமிடுங்கள். அப்புறம் ஒன்று, மழை விட்ட மாலையில் விளக்கைப் போட்டு வைக்காதீர்கள். ஈசல் கூட்டம் விளக்கைத் தேடி வந்து, சிறகோடு உங்கள் ஈரத் தரையில் படுத்துவிடும். விளக்கை அணைத்து, கதவிடுக்கை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கலக்கும் வாளி

ஏவும் பியும் எந்த விகிதம் என்பது டின்னுக்கு டின் மாறும். 4க்கு 1, 3க்கு 1, 2க்கு 1 என்று பல விதம். எடையா, கனஅளவா என்பதையும் பாருங்கள். "கொஞ்சம் ஹார்ட்னர் கூட ஊற்றினால் சீக்கிரம் காயும்" என்று எந்த அண்ணன் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒவ்வொரு பிசின் கைக்கும் ஒரு கடினமாக்கிக் கை வேண்டும். மிச்சமுள்ள கை சும்மா தொங்கும், தரை என்றைக்கும் பிசுபிசுவென்றே இருக்கும்.

முதலில் ஏவைத் தனியாகக் கலக்குங்கள், நிறம் அடியில் படிந்திருக்கும். பிறகு பியை ஊற்றி, மெதுவாகச் சுற்றும் டிரில்லில் மூன்று நிமிடம். வேகமாகச் சுற்றினால் காற்றுக் குமிழி ஏறும். வாளியின் ஓரத்தையும் அடியையும் தட்டையான குச்சியால் சுரண்டி மறுபடி கலக்குங்கள். அதன்பின் முழுவதையும் இன்னொரு சுத்தமான வாளிக்கு மாற்றி, அங்கே ஒரு நிமிடம் கலக்குங்கள். முதல் வாளியின் ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருப்பது தரையில் காயாத திட்டாக நிற்கும். பலருக்கு இந்த இரண்டாம் வாளி சலிப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது, ஒரு திட்டைச் சுரண்டி எடுக்கும்வரை. சில வகைகளைக் கலந்தபின் 10, 15 நிமிடம் ஆறவிட்டு அடிக்கச் சொல்லியிருப்பார்கள், டின்னில் பாருங்கள்.

கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. டின்னில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் 23 அல்லது 25 பாகைக்கு. 10 பாகை கூடினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும். நம் பகலில் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். முழுத் திட வகையை வாளியிலேயே நிறைய வைத்திருந்தால் தன் சூட்டில் தானே வேகம் பிடிக்கும். வாளியின் பக்கம் கை வைத்தால் சூடு தெரியும், பிறகு வெள்ளைப் புகை, பிறகு கல். அந்த வகையைக் கலந்தவுடனே தரையில் நீளமாக ஊற்றிவிட வேண்டும். மெல்லிய படலமாகப் பரவினால் சூடு தரைக்குள் போய்விடும்.

உருட்டுவது

இது கண் பழகினால் வந்துவிடும். ஓரங்களைப் பிரஷ்ஷால் முதலில் அடித்துவிடுங்கள். குட்டை நூல் ரோலரை எடுத்து, அதன்மேல் டேப்பைச் சுற்றி உரித்து உதிரி நூலை எல்லாம் எடுத்துவிடுங்கள். வாசலுக்கு எதிர்ச்சுவரில் தொடங்கிப் பின்வாங்கி வாருங்கள். முந்தின பட்டையின் ஈரம் காயும் முன் அடுத்த பட்டை அதில் சேர வேண்டும், அதனால் இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் கலக்க, ஒருவர் உருட்ட.

முதல் பூச்சு பிரைமர். தாகமான இடம் உடனே குடித்து மங்கிவிடும், அங்கே மட்டும் இன்னொரு கை கொடுங்கள். அடுத்த பூச்சுக்கு டின்னில் குறைந்த நேரமும் அதிக நேரமும் இருக்கும். அதிக நேரம் தாண்டிவிட்டால் பழைய பூச்சு முற்றிலும் இறுகி, புதியதைப் பிடிக்காது. 120 நம்பர் மணல் தாளால் பளபளப்பு போகத் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

மழைச் சாரல் அடிக்கும் இடம், குளியலறை வழி, கோயிலில் கால் கழுவி நுழையும் வாசல், இங்கெல்லாம் வெறும் எப்பாக்சி வழுக்கும். வயதானவர்கள் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த சிலிக்கா மணலை நெல் தெளிப்பதுபோல் தூவி, காய்ந்ததும் உதிரியைக் கூட்டிவிட்டு மேல்பூச்சு அடியுங்கள். வாடிக்கையாளர் "வழவழன்னு இருக்கணும்" என்று கேட்டாலும் இந்த இடங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கையைப் பற்றி

கடினமாக்கியும் இறுகாத பிசினும் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வந்துவிடும். முதல் நாள் வராது. சில மாதம் கழித்து ஒரு நாள் மணிக்கட்டில் அரிப்பு, தடிப்பு, கண் இமை வீக்கம் என்று வரும். வந்தால் ஆயுளுக்கும் போகாது. பிறகு டின்னைத் திறந்த அறைக்குள் போனாலே முகம் வீங்கும். நல்ல கைவேலைக்காரர்கள் இதனாலேயே தொழிலை விட்டிருக்கிறார்கள்.

ரப்பர் விளைந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, நம் ரப்பர் பால் கையுறை இதற்கு உதவாது. எப்பாக்சி அதன் வழியாகப் புகுந்துவிடும். நைட்ரைல் கையுறை போடுங்கள், கிழிந்தாலும் அழுக்கானாலும் உடனே மாற்றுங்கள். தோலில் பட்டால் தின்னரால் துடைக்கவே கூடாது. தின்னர் தோலின் எண்ணெயை எடுத்து, அந்த வழியாகவே எப்பாக்சியை உள்ளே அனுப்பும். சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். தின்னர் வகை அடிக்கும்போது ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் முகக்கவசம் வேண்டும், தூசிக் கவசம் ஆவியைத் தடுக்காது. பக்கத்தில் சாமி விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் எரியக் கூடாது.

மிஞ்சிய சாயத்தைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். கொஞ்சமாக இருந்தால் ஏவையும் பியையும் அளவோடு கலந்து, பழைய அட்டையில் மெல்லியதாகப் பரப்பிக் கல்லாக்கிவிட்டு எறியுங்கள்.

காயும் நாட்கள்

மறுநாள் வெறுங்காலோடு நடக்கலாம். மூன்றாம் நாள் மேசை நாற்காலியைத் தூக்கி வைக்கலாம், இழுக்கக் கூடாது. எண்ணெய், பெட்ரோல், வண்டிச் சக்கரம் இதற்கெல்லாம் ஏழு நாள். தொடும்போது காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே கைகோத்து முடிய அத்தனை நாள் ஆகும்.

நான் தரை போட்டுக்கொடுத்த ஒரு மோட்டார் பட்டறைக்காரர் ஐந்தாம் நாளே கேட்டார், "தம்பி, ஒரே ஒரு வண்டி, உள்ளே விடலாமா?" வேண்டாம் அண்ணே என்றேன். எட்டாம் நாள் முதல் வண்டி உள்ளே வரும்போது நானும் போயிருந்தேன். மோட்டார் சைக்கிளின் பக்கத் தாங்கி இருக்கிறதே, அது முழு எடையையும் ஒரு காசு அளவு இடத்தில் இறக்கும். நல்ல எப்பாக்சியிலும் பள்ளம் விழும். பழைய டயரை உள்ளங்கை அளவில் பத்துத் துண்டாக வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். தாங்கிக்கு அடியில் ஒன்றை வைத்துவிட்டு, மிச்சத்தை அவருடைய மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வந்தேன்.